கண்காட்சிக்கு வந்தவர் எதைக் கொண்டு போனார்? நல்கைப் பணத்தின் பயனை அளப்போர் செய்ய வேண்டியவை, செய்யக்கூடாதவை

சென்னை அருங்காட்சியகம் 1851-இல் தொடங்கியது. அதன் முதல் பொறுப்பாளர் எட்வர்ட் பால்ஃபர் என்ற மருத்துவர். பாறைகளும் கனிமங்களும் இழுக்காத கூட்டத்தை வளாகத்தில் வைத்த உயிருள்ள சிறுத்தையும் புலியும் இழுத்தன. அந்தக் கூட்டத்தைப் பார்த்துத்தான் 1855-இல் எழும்பூர் வளாகத்திலேயே விலங்குக் காட்சிசாலை பிறந்தது. வருகைப் பதிவேட்டில் எண்ணிக்கை ஏறியது உண்மை. ஆனால் அந்த எண்ணிக்கை சொன்னது புலியைப் பற்றி. உள்ளே இருந்த கனிமங்களைப் பார்த்து யாருக்கு என்ன விளங்கியது என்பதை அது சொல்லவில்லை.

நூற்றிருபது ஆண்டுகள் கழித்து அமெரிக்காவிலும் இதே கதைதான். 1976 முதல் 1979 வரை அங்கே ஊர் ஊராகச் சென்ற துட்டன்காமன் கண்காட்சிக்கு மானுடப் புலங்களுக்கான தேசிய நிதியம் பணம் தந்தது. எக்ஸான் நிறுவனமும் தந்தது. வாஷிங்டனில் மட்டும் 8 லட்சத்துக்கும் மேற்பட்டோர் வரிசையில் நின்று பார்த்தார்கள். இன்றுவரை அந்தக் கண்காட்சியைப் பற்றிப் பேசுகிற எல்லோரும் முதலில் சொல்வது வரிசையின் நீளத்தை. பழைய எகிப்தைப் பற்றி அந்த லட்சக்கணக்கானோர் எதைப் புரிந்துகொண்டு வீடு திரும்பினார்கள் என்று கேட்டால் பேச்சு நின்றுவிடும்.

நல்கை, மானியம், கிராண்ட், எந்தப் பெயரில் வந்தாலும் அது பொதுப் பணம். அல்லது பொது நன்மைக்கென்று ஒருவர் ஒதுக்கிய பணம். அதை வாங்கிக் கண்காட்சி நடத்தும் காப்பாட்சியர்கள், கல்வி அலுவலர்கள், அறக்கட்டளைக்காரர்கள், ஏன், பணம் கொடுப்பவர்களுக்கும் சேர்த்தே இந்தப் பட்டியல். இதில் நான் வற்புறுத்துவது ஒன்றே ஒன்று: ‘இந்தக் கண்காட்சி நினைத்ததைச் செய்யவில்லை’ என்ற விடையும் வருவதற்கு இடம் தருகிற அளவைதான் அளவை. எப்படி அளந்தாலும் வெற்றி என்றே வருமானால், அங்கே எதுவும் அளக்கப்படவில்லை.

விண்ணப்பம் எழுதும்போதே

செய்ய வேண்டியவை:

• யாரிடம், என்ன மாற வேண்டும் என்று ஒரே வாக்கியத்தில் எழுதுங்கள். லண்டன் அறிவியல் அருங்காட்சியகம் உருவாக்கிய ‘சூப்பர்பக்ஸ்’ கண்காட்சியை எடுத்துக்கொள்வோம். மருந்துக்கு அடங்காத கிருமிகளைப் பற்றியது. வெல்கம் அறக்கட்டளையின் ஆதரவோடு 2019-இல் டெல்லி தேசிய அறிவியல் மையத்தில் இந்தியப் பதிப்பு திறந்தது. இப்படியொரு கண்காட்சியை நம் ஊரில் நடத்துகிறோம் என்று வையுங்கள். ‘நோய் எதிர்ப்பு மருந்துகள் பற்றிய விழிப்புணர்வு’ என்று எழுதினால் அதை யாராலும் அளக்க முடியாது. ‘காய்ச்சலுக்கு மெடிக்கல் ஷாப்பில் நேரே மாத்திரை கேட்டு வாங்கும் பழக்கமுள்ள பெரியவர்கள், எந்த மாத்திரையை அப்படி வாங்கக்கூடாது என்று அட்டையைப் பார்த்தே கண்டுகொள்வார்கள்’ என்று எழுதினால் அளக்கலாம்.

எப்படி? 2016-இல் மத்திய சுகாதார அமைச்சகம் சிவப்புக் கோடு இயக்கத்தைத் தொடங்கியது. மருத்துவர் சீட்டு இல்லாமல் வாங்கக்கூடாத மருந்தின் அட்டையில் நெடுக ஒரு சிவப்புக் கோடு இருக்கும். கோடு உள்ள வெற்று அட்டை ஒன்று, இல்லாதது ஒன்று, இரண்டையும் பார்வையாளர் கையில் கொடுத்து, “இதுல எதைச் சீட்டு இல்லாம வாங்கலாம்? எப்படிச் சொல்றீங்க?” என்று கேட்டால் போதும். அரை நிமிடம் ஆகும். நான்கு பக்க வினாப்பட்டியல் தராத விடையை அது தரும்.

• முன்பே இருக்கும் ஒரு சட்டகத்தை எடுத்துக்கொள்ளுங்கள். பிரிட்டனின் லெஸ்டர் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் வகுத்து 2004-இல் புழக்கத்துக்கு வந்தது ஒன்று: அறிவும் புரிதலும், திறன், மனப்பாங்கும் மதிப்பீடுகளும், மகிழ்ச்சியும் ஊக்கமும் படைப்பாற்றலும், செயலும் நடத்தையும் என ஐந்து தலைப்புகள். அமெரிக்கத் தேசிய அறிவியல் நிறுவனம் 2008-இல் வெளியிட்டதும் ஏறத்தாழ இதே வழியில் போகிறது. ஏதாவது ஒன்று போதும். அதிலும் உங்கள் கண்காட்சிக்குப் பொருந்தும் இரண்டு தலைப்புகளை மட்டும் எடுங்கள்.

• அளப்பதற்கான பணத்தை வரவுசெலவுத் திட்டத்தில் தனி வரியாகக் காட்டுங்கள். மரவேலை, விளக்கு, அச்சு எல்லாம் முடிந்து மிச்சமிருந்தால் பார்க்கலாம் என்றால் மிச்சம் இருக்காது.

செய்யக்கூடாதவை:

• பயன்பாட்டுச் சான்றிதழையும் (யு.சி.) பயனையும் ஒன்றாக்காதீர்கள். பணம் சொன்ன காரியத்துக்குச் செலவானது என்பதைத்தான் கணக்குத் தணிக்கையாளர் கையெழுத்திட்ட யு.சி. சொல்லும். காரியம் பலித்ததா என்பது வேறு கேள்வி. நம் அலுவலகங்களில் முதலாவது கோப்பு மூடியதும் இரண்டாவதும் முடிந்ததாக நினைத்துவிடுகிறோம்.

• இருபது நிமிடப் பார்வையால் தலைமுறைப் பழக்கத்தை மாற்றுவோம் என்று வாக்குக் கொடுக்காதீர்கள். 2007-இல் மினசோட்டா அறிவியல் அருங்காட்சியகமும் அமெரிக்க மானுடவியல் சங்கமும் இனம் பற்றிய ஒரு கண்காட்சியைத் திறந்தன; தேசிய அறிவியல் நிறுவனமும் ஃபோர்டு அறக்கட்டளையும் பணம் தந்தன. ‘இனம்’ என்ற பாகுபாட்டுக்கு உயிரியலில் அடிப்படை இல்லை என்பதைப் புரியவைப்பதும் அதைப் பற்றி மக்களைப் பேசவைப்பதும் அதன் நோக்கம். பார்த்தவர்கள் வட்டமாக அமர்ந்து பேசவும் அங்கே ஏற்பாடு இருந்தது. புரிதலையும் பேச்சையும் ஒரு கண்காட்சியிடம் கேட்பது நியாயம். ‘இனவெறி குறைந்தது’ என்று எழுதச் சொல்வது அநியாயம். நம் ஊரில் சாதி பற்றிக் கண்காட்சி வைப்பவர்களுக்கும் இதே வரம்புதான்.

திறப்பு விழாவுக்கு முன்

செய்ய வேண்டியவை:

• விளக்க அட்டைகளை வெறும் தாளில் அச்சடித்துப் பத்துப் பேரிடம் வாசிக்கக் கொடுங்கள். வாசித்தபின் அட்டையைத் திருப்பி வைத்து, “என்ன சொல்லியிருக்கு?” என்று கேளுங்கள். ஏழு பேர் தடுமாறினால் குறை அட்டையில் இருக்கிறது. அக்ரிலிக் பலகையில் ஏறியபின் அதை யாரும் மாற்றப்போவதில்லை.

• தொடக்க நிலையைப் பதிவு செய்யுங்கள். உள்ளே போகுமுன் மக்களுக்கு எவ்வளவு தெரியும் என்பது கையில் இல்லாவிட்டால், வெளியே வந்தவருக்குத் தெரிந்ததெல்லாம் உங்கள் கணக்கில் ஏறிவிடும். சிவப்புக் கோடு நூற்றுக்கு அறுபது பேருக்கு முன்பே தெரிந்திருக்கலாமே! உள்ளே போகிறவர்களில் சிலரிடமும் வெளியே வருகிறவர்களில் வேறு சிலரிடமும் ஒரே கேள்வியைக் கேளுங்கள். ஒருவரிடமே இருமுறை கேட்டால், முதல் கேள்வியே அவருக்குக் குறிப்புக் கொடுத்துவிடும். அந்த விடையைத் தேடிக்கொண்டே உள்ளே நடப்பார்.

செய்யக்கூடாதவை:

• திறப்பு விழா நாளில் அளக்காதீர்கள். அன்று வருபவர்கள் அழைப்பிதழ் பெற்றவர்கள். காணும் பொங்கல் அன்றும், பள்ளி விடுமுறையின் முதல் ஞாயிறன்றும் மட்டும் அளப்பதும் இதே தவறு. வாரநாள் மதியம் ஆளரவமற்ற கூடத்துக்கு வருகிறவரையும் கணக்கில் சேருங்கள்.

கூடத்துக்குள் நின்று பார்ப்பது

பார்வையாளரைக் கேட்பதற்கு முன் பாருங்கள். இதற்கு நீண்ட மரபு உண்டு. 1916-இல் பாஸ்டன் நுண்கலை அருங்காட்சியகத்தைச் சேர்ந்த பெஞ்சமின் கில்மன், ஒரு மனிதரைக் காட்சிப் பேழைகளின் முன் நிறுத்தி, பொருள்களைப் பார்க்க அவர் எப்படியெல்லாம் குனிந்து வளைய வேண்டியிருக்கிறது என்று புகைப்படம் எடுத்து வெளியிட்டார். ‘அருங்காட்சியகக் களைப்பு’ என்ற கருத்து அங்கிருந்து பரவியது. 1928-இல் எட்வர்ட் ராபின்சன் என்ற உளவியலாளர் பார்வையாளர் எங்கே, எத்தனை விநாடி நிற்கிறார் என்று நேரம் குறித்தார். 1935-இல் ஆர்தர் மெல்டன், கூடத்துக்குள் நுழைகிறவர்களில் பெரும்பாலோர் வலப்பக்கம் திரும்புகிறார்கள் என்று காட்டினார். நூறாண்டாகத் தெரிந்த விஷயங்கள் இவை. இருந்தும் முக்கியமான செப்புத் திருமேனியை இடப்பக்க மூலையில் வைத்துவிட்டு, யாரும் பார்க்கவில்லையே என்று வருந்துகிற கூடங்கள் இன்னும் இருக்கின்றன.

செய்ய வேண்டியவை:

• கூடத்தின் வரைபடம் ஒன்று, ஸ்டாப்வாட்ச் ஒன்று, பென்சில் ஒன்று எடுத்துக்கொள்ளுங்கள். வாசலில் ஒரு கோட்டை மனத்தில் குறித்து, அதைக் கடக்கும் ஒவ்வொரு பத்தாவது ஆளையும் தொடருங்கள். எங்கே நின்றார், எவ்வளவு நேரம், எதைப் படித்தார், யாரிடம் எதைக் காட்டினார் என்று வரைபடத்திலேயே கோடு இழுத்துக் குறியுங்கள். ‘கவனிப்பு நடைபெறுகிறது’ என்று வாசலில் அறிவிப்பு இருக்கட்டும். ஒட்டிப் பின்தொடர்ந்து சங்கடப்படுத்த வேண்டாம்.

• பெவர்லி செரல் 1998-இல் வெளியிட்ட ஆய்வை அளவுகோலாக வைத்துக்கொள்ளுங்கள். அவர் 110 கண்காட்சிகளின் தரவைச் சேர்த்துப் பார்த்தார். பெரும்பாலானவற்றில் பார்வையாளர் செலவிட்ட சராசரி நேரம் 20 நிமிடத்துக்கும் குறைவு. அவர் தந்த இரண்டு எளிய அளவுகள் நம் சிறிய அருங்காட்சியகங்களுக்கும் கைகொடுக்கும். ஒன்று, கூடத்தின் பரப்பைச் சராசரி நேரத்தால் வகுப்பது: 2,400 சதுர அடிக் கூடத்தில் சராசரியாக 12 நிமிடம் இருந்தால், நிமிடத்துக்கு 200 சதுர அடி. இந்த எண் குறையக் குறைய மக்கள் நின்று பார்க்கிறார்கள் என்று பொருள். மற்றொன்று, காட்சிகளில் பாதிக்கு மேல் நின்று பார்த்தவர்கள் நூற்றுக்கு எத்தனை பேர் என்பது. இரண்டையும் கண்டுபிடிக்க நிபுணர் வேண்டியதில்லை. கல்லூரி மாணவர் இருவருக்கு ஒரு காலையில் சொல்லித்தரலாம்.

• சராசரியோடு இடைநிலை எண்ணையும் கொடுங்கள். 2001-இல் ஜெஃப்ரி ஸ்மித்தும் லிசா ஸ்மித்தும் வெளியிட்ட ஆய்வில், நியூயார்க் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகத்தில் ஒரு கலைப்பொருளின் முன் மக்கள் நின்ற சராசரி நேரம் 27.2 விநாடி, இடைநிலை 17 விநாடி. நெடுநேரம் நின்ற சிலர் சராசரியை மேலே தூக்கிவிடுகிறார்கள். பாதிப் பேர் 17 விநாடிக்குள் நகர்ந்துவிட்டார்கள் என்பதுதான் விளக்க அட்டை எழுதுகிறவருக்கு வேண்டிய செய்தி.

• காவலர்களிடம் பேசுங்கள். எந்தப் பேழையின் கண்ணாடியில் அதிகக் கைரேகை விழுகிறது, எந்த இடத்தில் வந்து எல்லோரும் ஒரே கேள்வியைக் கேட்கிறார்கள், எங்கே குழந்தைகள் அம்மாவை இழுக்கிறார்கள் என்பது அவர்களுக்கு மனப்பாடம். எட்டு மணி நேரம் அங்கேயே நிற்கிறவர்கள் அவர்கள். வாரம் ஒருமுறை அவர்களோடு உட்கார்ந்து தேநீர் குடித்து, அவர்கள் சொல்வதை அப்படியே எழுதி வையுங்கள். அவர்கள் பங்களிப்பை அறிக்கையிலும் சொல்லுங்கள்.

செய்யக்கூடாதவை:

• நீண்ட நேரம் இருந்தார் என்பதாலேயே கற்றுக்கொண்டார் என்று எழுதாதீர்கள். மே மாதச் சென்னையில் குளிர்சாதனக் கூடம் என்பதே ஒருவர் அங்கே தங்கப் போதுமான காரணம். நேரம் கவனத்துக்கு ஓர் அறிகுறி, அவ்வளவுதான்.

• செல்ஃபி எண்ணிக்கையைத் தாக்கம் என்று காட்டாதீர்கள்.

கேட்பது

நம் மக்கள் விருந்தோம்பலுக்குப் பழகியவர்கள். கழுத்தில் அடையாள அட்டை மாட்டிய ஒருவர் வந்து “கண்காட்சி எப்படி இருந்தது?” என்று கேட்டால், “ரொம்ப நல்லா இருந்துச்சு சார்” என்றுதான் சொல்வார்கள். அது உங்கள் மேலுள்ள மரியாதை. அதை எண்ணி நூற்றுக்கு 96 பேர் திருப்தி என்று அறிக்கை எழுதுவது அந்த மரியாதையைத் தவறாகப் பயன்படுத்துவதாகும்.

செய்ய வேண்டியவை:

• கண்காட்சியை உருவாக்கியவர் கேட்க வேண்டாம். வெளியாள் ஒருவர் கேட்கட்டும். “நான் இங்க வேலை பாக்கலைங்க. எது புரியலைன்னு சொன்னீங்கன்னா அடுத்த தடவை சரி பண்ணச் சொல்லுவோம்” என்று தொடங்கினால் பேச்சு திறக்கும்.

• குறிப்பான கேள்வி கேளுங்கள். “வீட்டுக்குப் போய் யாருக்காவது ஒண்ணே ஒண்ணு சொல்லணும்னா எதைச் சொல்வீங்க?” என்பது நான் பார்த்தவற்றில் மிகப் பயனுள்ள கேள்வி. விடை கண்காட்சியின் மையக் கருத்தைத் தொடுகிறதா இல்லையா என்பதை இருவர் தனித்தனியே மதிப்பிட்டு, பிறகு ஒப்பிட்டுப் பாருங்கள்.

• வாய்மொழியாகக் கேளுங்கள். வந்தவரின் தமிழில் கேளுங்கள். எழுதத் தயங்குகிறவர்கள் வினாப்பட்டியலைக் கண்டதும் விலகிப் போவார்கள். அவர்கள் விலகியதைக்கூட உங்கள் தரவு சொல்லாது.

• மறுத்தவர்களையும் எண்ணுங்கள். நூறு பேரைக் கேட்டு நாற்பது பேர் பேசினார்கள் என்றால், அந்த நாற்பதோடு அறுபதையும் அறிக்கையில் எழுதுங்கள்.

• இரண்டு மாதம் கழித்துப் பேச, விருப்பமுள்ளவர்களின் ஒப்புதலோடு தொலைபேசி எண் வாங்குங்கள். வாசலில் சொன்னது எவ்வளவு நிலைத்தது என்பது அப்போது தெரியும். அழைப்பை எடுத்தவர்கள் ஆர்வமுள்ளவர்கள் என்பதையும் கூடவே சொல்லிவிடுங்கள்.

செய்யக்கூடாதவை:

• கருத்துப் பதிவேட்டை ஆதாரமாக்காதீர்கள். எழுத வேண்டும் என்று தோன்றியவர்கள்தான் அதில் எழுதுகிறார்கள். மேற்கோளுக்கு ஆகும், விழுக்காட்டுக்கு ஆகாது.

• சிறிய மாதிரியை வைத்துப் பெரிய பேச்சுப் பேசாதீர்கள். நூறு பேரிடம் கேட்டால், விடை ஏறத்தாழ பத்துப் புள்ளி மேலேயோ கீழேயோ இருக்கலாம். நானூறு பேரிடம் கேட்டால் ஐந்து. போன ஆண்டு 68 விழுக்காடு, இந்த ஆண்டு 72, ஆகவே முன்னேற்றம் என்று நூறு பேரை வைத்துச் சொல்ல முடியாது.

பள்ளிப் பிள்ளைகள்

வருகை எண்ணிக்கையில் பெரும்பங்கு கல்விச் சுற்றுலாப் பேருந்துகளில் வருவது. அந்தப் பிள்ளைகள் தாமாக வந்தவர்கள் இல்லை. எங்கே நிற்பது, எப்போது நகர்வது என்பதையும் ஆசிரியர்தான் சொல்கிறார். ஆகவே அவர்களைத் தனி வரியில் காட்டுங்கள். குடும்பமாக வந்தவர்களோடு கலக்காதீர்கள். விளக்க அட்டையைப் பார்த்து நோட்டில் எழுதிக்கொண்டு நின்ற நேரத்தைக் கவனித்துப் பார்த்த நேரமாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

அங்கேயே தேர்வு வைக்காதீர்கள். ஆசிரியர் பக்கத்தில் நிற்கும்போது பிள்ளை சொல்வது ஆசிரியருக்கான விடை. ஒரு வாரம் கழித்து வகுப்பறையில் வெள்ளைத்தாள் கொடுத்து, நினைவில் இருப்பதை வரையச் சொல்லுங்கள். எந்தப் பொருளை வரைந்திருக்கிறார்கள், பக்கத்தில் என்ன எழுதியிருக்கிறார்கள் என்று பார்க்கும்போது, கண்காட்சி எங்கே வேலை செய்தது என்பது கண்முன் வரும். பேருந்தும் ஐஸ்கிரீமும் மட்டுமே வரைந்த தாள்களையும் பத்திரமாக வையுங்கள், அவையும் தரவுதான்.

பிள்ளைகளின் பெயர், முகம், குரல் எதையும் பெற்றோர் ஒப்புதலின்றிப் பதியாதீர்கள். 2023-ஆம் ஆண்டின் மின்னணுத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 18 வயதுக்குட்பட்டவர்களைக் குழந்தைகள் என்றே கொள்கிறது.

வராதவர்கள்

இதைத்தான் எல்லோரும் விட்டுவிடுகிறார்கள். உள்ளே வந்தவர்களை எவ்வளவு நன்றாக அளந்தாலும், வராதவர்களைப் பற்றி ஒன்றும் தெரியாது. மேரிலின் ஹூட் 1983-இல் வெளியிட்ட ஆய்வில் அமெரிக்காவின் டொலீடோ கலை அருங்காட்சியகத்தை வைத்து இதை ஆராய்ந்தார். அடிக்கடி வருகிறவர்கள் கற்பதையும் புதிய அனுபவத்தையும் தேடினார்கள். வராதவர்கள் ஓய்வு நேரத்தில் மனிதர்களோடு கூடியிருப்பதையும், சங்கடமின்றி இருப்பதையும், தாமும் பங்கெடுப்பதையும் விரும்பினார்கள். அவர்களுக்கு அறிவில் ஆர்வமில்லை என்று அவர் முடிவு கட்டவில்லை. அந்தக் கட்டடம் அவர்களுக்கு இடம் தரவில்லை என்று காட்டினார்.

சென்னையிலேயே இதற்கு ஒரு பழைய முன்னோடி உண்டு. எட்கர் தர்ஸ்டன் சென்னை அருங்காட்சியகத்தின் கண்காணிப்பாளராக இருந்த காலத்தில், ஆண்கள் நடுவே வரமுடியாத கோஷாப் பெண்களுக்கென்று மாதத்தில் ஒரு நாளை ஒதுக்கினார். வராதவர் யார், ஏன் வரவில்லை என்று கேட்டதன் விளைவு அது.

• அருங்காட்சியகத்துக்கு ஒரு கிலோமீட்டர் சுற்றளவில் உள்ள பேருந்து நிறுத்தத்திலும் சந்தையிலும் நின்று கேளுங்கள்: கண்காட்சி நடப்பது தெரியுமா? உள்ளே போகலாம் என்று தோன்றியதா? தோன்றவில்லை என்றால் என்ன தடுத்தது?

• கண்காட்சி எந்தச் சமூகத்தைப் பற்றியதோ அந்தச் சமூகத்தவர் வந்தார்களா என்று தனியே பாருங்கள். மீனவர் வாழ்வைப் பற்றிய கண்காட்சிக்குக் குப்பத்திலிருந்து யாரும் வரவில்லை என்றால், மற்ற எல்லா எண்களுக்கும் முன்னால் அறிக்கையின் முதல் பக்கத்தில் அதைச் சொல்ல வேண்டும்.

• ‘அவங்களுக்கு இதுல ஆர்வம் இல்லை’ என்று அவர்களைக் கேட்காமலே எழுதாதீர்கள்.

அறிக்கை எழுதும்போது

செய்ய வேண்டியவை:

• வேலை செய்யாததை எழுதுங்கள். தொடுதிரையை யாரும் தொடவில்லை, ஒலிப்பதிவு விசிறிச் சத்தத்தில் கேட்கவில்லை, சிவப்புக் கோட்டை வெளியே வந்தவர்களில் பாதிப் பேருக்கு இன்னும் அடையாளம் தெரியவில்லை: இவற்றை வாசிக்கிற அடுத்த அருங்காட்சியகத்துக்குப் பல லட்சம் ரூபாய் மிச்சமாகும். நல்கை தருவோருக்கும் ஒரு வார்த்தை: தோல்வியை நேர்மையாக எழுதியவருக்கு அடுத்த தவணையை நிறுத்தாதீர்கள். நிறுத்தினால் உண்மை எழுதும் கை உங்களுக்கு இனிக் கிடைக்காது.

• இடையிலேயே எழுதி வாருங்கள். 2025 ஏப்ரலில் அமெரிக்காவின் மானுடப் புலங்களுக்கான தேசிய நிதியம் ஆயிரத்துக்கும் மேற்பட்ட நல்கைகளைப் பாதியில் ரத்து செய்தது. பணம் நடுவில் நிற்கலாம், அலுவலர் மாற்றலாகிப் போகலாம். முடிவில் எழுதலாம் என்று காத்திருந்தால் கற்றது அத்தனையும் அவரோடு போய்விடும்.

செய்யக்கூடாதவை:

• ‘எங்கள் கண்காட்சியால்’ என்று எளிதில் எழுதாதீர்கள். அதே மாதம் தொலைக்காட்சியில் அதே செய்தி ஓடியிருக்கலாம். பாடப்புத்தகத்தில் அதே பாடம் வந்திருக்கலாம். ‘பார்த்தபின் இத்தனை பேர் சரியாகச் சொன்னார்கள், பார்க்குமுன் இத்தனை பேர்’ என்று எழுதினால் போதும்.

• அறிக்கையைப் பணம் கொடுத்தவருக்கு மட்டும் ஆங்கிலத்தில் அனுப்பிவிட்டுக் கோப்பை மூடாதீர்கள். தமிழில் இரண்டு பக்கச் சுருக்கம் ஒன்று எழுதி, விடை சொன்ன பள்ளிக்கும், வரைபடத்தோடு சுற்றிய மாணவர்களுக்கும், காவலர்களுக்கும் கொடுங்கள். ஒரு பிரதியைக் கூடத்தின் வாசலில், கருத்துப் பதிவேட்டுக்குப் பக்கத்தில் ஒட்டுங்கள். எந்தக் குறையை எந்த மாதத்துக்குள் சரிசெய்யப் போகிறீர்கள் என்ற தேதியும் அதில் இருக்கட்டும்.